கீர் ஹார்டியும் தொழிலாளியின் ஒரு பென்னியும்

தேர்தல் வந்துவிட்டால் தோட்டத்துக்குத் திருவிழா வந்த மாதிரிதான். ரோட்டு முனையில் கொடிகள் பறக்கும். லயத்து வாசலுக்கே அரிசி மூட்டை வரும். கோயில் திடலில் பந்தல், ஒலிபெருக்கி, ஆட்டுக்கறிச் சாப்பாடு என்று அமர்க்களப்படும். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டோம். இத்தனைக்கும் பணம் கொடுத்தது யார்?

நாமும் கேட்காமல் இருந்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் ஒரு வேட்பாளருக்காகக் கூட்டம் நடந்தது. பந்தலும் சாப்பாடும் ஒரு குத்தகைக்காரர் செலவு. வயிறாரச் சாப்பிட்டோம், கறியை ரெண்டு தரம் கேட்டு வாங்கினோம். வேட்பாளரும் ஜெயித்தார். அடுத்த ஆண்டே அந்தக் குத்தகைக்காரர் தம் ஆட்களுக்கு ஓவர்டைம் காசு கொடுக்காமல் இழுத்தடித்தார். நியாயம் கேட்டு, ஜெயித்தவரிடம் போனோம். பார்க்கலாம், செய்யலாம் என்றார். பார்க்கவும் இல்லை, செய்யவும் இல்லை. உரத்துக் கேட்க நமக்கும் நா எழவில்லை. ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் ஆயிற்றே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சொன்னது நல்ல குணத்துக்காக. அரசியலில் அந்த உப்பே விலங்காகவும் மாறிவிடும்.

அந்த விலங்கு தொழிலாளியின் கட்சிக்கு மாட்டப்படக் கூடாது என்று பாடுபட்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் கதையை இந்த வாரம் சொல்கிறோம். அவர் பெயர் ஜேம்ஸ் கீர் ஹார்டி. பிரிட்டிஷ் தொழிற்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

பத்து வயதில் சுரங்கத்துக்குள்

ஹார்டி 1856 ஆகஸ்ட் 15-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில், குடிசை ஒன்றில் பிறந்தார். தாயார் மேரி கீர், வீட்டு வேலை செய்து பிழைத்த பெண். கல்யாணம் ஆகாமலே பெற்ற பிள்ளை. பிறகு டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரைத் தாயார் மணந்துகொண்டார். ஹார்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பள்ளிக்கூட வாசலை முறையாக மிதித்ததில்லை. எட்டு வயதுக்குள்ளேயே வேலைக்குப் போய்விட்டார். பத்து வயதில் ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலை. அந்தக் குளிர்காலத்தில் கப்பல் பட்டறை முதலாளிகள் கதவடைப்புச் செய்திருந்தார்கள். சிற்றப்பனுக்கு வேலை இல்லை. தம்பி காய்ச்சலில் கிடந்தான். தாயார் நிறைமாதக் கர்ப்பிணி. இரவெல்லாம் கண்விழித்துத் தம்பியைப் பார்த்துக்கொண்ட பையன், ரெண்டு நாள் காலையில் கொஞ்சம் பிந்திப் போனான். முதலாளி தம் குடும்பத்தோடு உட்கார்ந்து காலைப் பசியாறிக்கொண்டே அவனை வேலையை விட்டு நீக்கினார். அந்த வாரக் கூலியையும் அபராதமாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே வருமானம் அதுதான். பெரட்டுக்குப் பிந்தியதற்காகப் பேர் போடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பையனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நிலக்கரிச் சுரங்கம். காற்றுப் போக்குவரத்துக்காக வைத்திருந்த கதவைத் திறந்து மூடுவது வேலை. இருட்டில் தனியாக மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாயார். மிச்சத்தை இரவுப் பள்ளியில் கற்றார். விளக்குப் புகையில் கறுத்த கல்லின் மேல் குண்டூசியால் கீறிக் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினார் என்பது பலரும் அறிந்த செய்தி. இருபது வயதைத் தாண்டியதும் தொழிலாளர்களுக்காகப் பேசத் தொடங்கினார். நிர்வாகம் அவரையும் அவர் தம்பிமாரையும் வெளியேற்றிக் கறுப்புப் பட்டியலில் போட்டது. எந்தச் சுரங்கத்திலும் வேலை இல்லை. பிழைப்புக்குப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 1886-இல் அயர்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஆனார்.

முந்நூறு பவுன் பேரம்

அந்தக் காலத்துப் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது. தேர்தலில் நிற்பவர் தம் செலவோடு, தேர்தலை நடத்தும் அதிகாரியின் செலவிலும் பங்கு கொடுக்க வேண்டும். வேட்பாளர் இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று 1883-இல் ஒரு சட்டம் வந்து, வாரி இறைப்பதைக் கட்டுப்படுத்தியது உண்மைதான். ஆனால் கையில் காசே இல்லாதவனுக்கு அந்தச் சட்டத்தால் என்ன லாபம்? நின்றாலும் செலவு, ஜெயித்தாலும் லண்டனில் சோற்றுக்கு வழியில்லை. ஆகவே நிலப்பிரபுவும் ஆலை முதலாளியும் வக்கீலும்தான் போனார்கள். சுரங்கத் தொழிலாளர் சிலர் 1874 முதல் அங்கே இருந்தார்கள். ஆனால் லிபரல் கட்சியின் நிழலில்தான் நின்றார்கள்.

1888-இல் மிட் லானார்க் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஹார்டியும் முதலில் லிபரல் கட்சியிடம்தான் வேட்பாளர் இடம் கேட்டார். கொடுக்கவில்லை. அப்படியானால் தனியாகவே நிற்கிறேன் என்று இறங்கிவிட்டார். உடனே பேரம் பேச ஆள் வந்தது. இப்போது விலகிக்கொண்டால் அடுத்த பொதுத்தேர்தலில் ஒரு தொகுதி, ஆண்டுக்கு 300 பவுன் வருமானம் என்றார்கள். கறுப்புப் பட்டியலில் இருந்தவர், பிள்ளைகுட்டிக்காரர், மறுத்துவிட்டார். வாக்கு எண்ணிப் பார்த்தபோது 617. கடைசி இடம்.

ஆனாலும் அந்தத் தேர்தலே அவருக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருந்தது. அவருக்கு உதவிக்கு நின்றவர்களில் ஹென்றி ஹைட் சாம்பியன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர். சோசலிசம் பேசுபவர், பண உதவிக்கும் ஏற்பாடு செய்பவர். அந்தப் பணத்தின் ஊற்று எது என்று ஊர் கேட்டது. லிபரல் ஓட்டைப் பிரிக்கக் கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் கொடுத்த பணம் என்று எதிரிகள் கிளப்பிவிட்டார்கள். கணக்கு ஊருக்குத் தெரியாதபோது எந்த வதந்தியும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேச்சு ஹார்டியை வெகுநாள் துரத்தியது.

கார்னகியின் நூறு பவுன்

1892 ஜூலையில் பொதுத்தேர்தல். லண்டனின் கிழக்கே துறைமுகத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த சவுத் வெஸ்ட் ஹாம் தொகுதியில் ஹார்டி நின்றார். 5,268 வாக்குகள், எதிர்த்து நின்றவருக்கு 4,036. ஜெயித்துவிட்டார். மற்ற உறுப்பினர்கள் பட்டுத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாகப் போகும் சபைக்கு, சாதாரணத் தொப்பியும் முரட்டுத் துணிச் சட்டையுமாகப் போனார். பத்திரிகைகள் அதையே பெரிய குற்றமாக எழுதின.

அவருடைய தேர்தல் செலவுக்கு வந்த நன்கொடைகளில் 100 பவுன் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்தது. கார்னகியும் ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளிக்குப் பிறந்தவர்தான். அமெரிக்காவுக்குப் போய் உருக்கு ஆலைகளுக்கு அதிபதி ஆனவர். ஏழைகளுக்காகப் பேசுகிற ஒருவருக்கு நம் ஊர்க்காரர் உதவினால் என்ன தப்பு என்று தோன்றும்.

தேர்தல் நடந்த அதே மாதம், அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் ஊரில் இருந்த கார்னகியின் ஆலையில் சங்கத்தை உடைக்க நிர்வாகம் கதவடைத்தது. கூலிக்கு அமர்த்திய சுமார் 300 பிங்கர்டன் காவலாட்களை ஜூலை 6-இல் ஆற்று வழியே படகில் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் தடுத்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார்.

இப்போது ஹார்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். எந்தக் கை தம் தேர்தலுக்கு நூறு பவுன் கொடுத்ததோ அதே கையின் கூலிப்படை தொழிலாளியைச் சுடுகிறது. ஸ்காட்லாந்துத் தொழிலாளர்கள் கொதித்துப் போனார்கள். ஹார்டி சாக்குப் போக்குச் சொல்லவில்லை. நூறு பவுனை ஹோம்ஸ்டெட் தொழிலாளர்களுக்கு அனுப்பிவிட்டார்.

நல்ல காரியம்தான். ஆனால் வாங்கியது வாங்கியதுதானே! திருப்பிக் கொடுக்கிற மனம் எல்லாருக்கும் வராது. கொடுக்கப் பணமும் எப்போதும் இருக்காது. எடின்பரோவில் இருந்த வசதியான இரு சகோதரிகள் ஆண்டுதோறும் 300 பவுன் தருகிறோம் என்று முன்வந்தபோது, தமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் நல்லவர் கொடுப்பதை நம்பி ஒரு மனிதர் வாழலாம். ஒரு வர்க்கத்தின் கட்சி வாழ முடியாது.

யாருக்கும் கடன்படாதவர் என்ன பேச முடியும் என்பதை 1894 ஜூனில் நாடு பார்த்தது. வேல்ஸில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் செத்துப்போனார்கள். அதே நாள் அரச குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சபை குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. செத்தவர்களின் குடும்பத்துக்கும் ஒரு வரி அனுதாபம் சேருங்கள் என்று ஹார்டி எழுந்து கேட்டார். சபை முழுக்க ஊளையிட்டது. ஒற்றை ஆளாக நின்று பேசி முடித்தார். மறு ஆண்டு தேர்தலில் தோற்றுப்போனார்.

எட்டுப் பேருக்கு ஒரு பென்னி

தோற்றவர் வீட்டில் உட்காரவில்லை. 1893-இல் பிராட்ஃபோர்டில் தொடங்கிய சுயேச்சைத் தொழிற்கட்சிக்காக ஊர் ஊராகப் போனார். கட்சிக்குக் கொள்கை இருந்தது, ஆள் இருந்தது, காசு இல்லை. காசு இருந்த இடம் தொழிற்சங்கங்கள். ஆகவே சங்கங்களைச் சேர்க்காமல் தொழிலாளிக்கு அரசியல் இல்லை என்பதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1900 பிப்ரவரி கடைசியில் லண்டன் மெமோரியல் மண்டபத்தில் சங்கங்களும் சோசலிச அமைப்புகளும் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. இதுவே பின்னாளில் தொழிற்கட்சி. சேரும் சங்கம் ஆயிரம் உறுப்பினருக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. கணக்குப் போட்டால், எட்டுப் பேர் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பென்னி கொடுத்த மாதிரி! அந்த ஆண்டு அக்டோபரில் வந்த பொதுத்தேர்தலுக்குக் குழுவால் செலவழிக்க முடிந்தது மொத்தம் 33 பவுன். 15 பேர் நின்றார்கள், ரெண்டு பேர் ஜெயித்தார்கள். ஒருவர் ஹார்டி, வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் தொகுதியில். சாகும்வரை அவர் தொகுதி அதுதான்.

33 பவுனில் கட்சி நடத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பணம் திரட்ட வேண்டிய அவசரத்தை முதலாளிகளே கொடுத்தார்கள். டாஃப் வேல் ரயில் கம்பெனி, வேலைநிறுத்தத்தால் தனக்கு நஷ்டம் என்று ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. 1901-இல் பிரபுக்கள் சபை கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சங்கம் 23,000 பவுன் நஷ்ட ஈடு கட்ட வேண்டியதாயிற்று. இனி யாராவது வேலைநிறுத்தம் செய்ய முடியுமா? சட்டத்தை மாற்றினால்தான் உண்டு, சட்டத்தை மாற்றச் சபையில் ஆள் வேண்டும் என்று சங்கங்கள் வரிசையாக வந்து சேர்ந்தன.

1903-இல் நியூகாசில் மாநாடு ஒரு முடிவு எடுத்தது. உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி வீதம் நாடாளுமன்ற நிதி. அதிலிருந்து ஜெயித்த உறுப்பினருக்கு ஆண்டுக்கு 200 பவுன். ஒரு லட்சம் பேர் ஒரு பென்னி போட்டால் 416 பவுன் சேரும்; ரெண்டு உறுப்பினரை ஓராண்டு வைத்துக் காப்பாற்றலாம். ஒரு பென்னி போனதால் எந்தத் தொழிலாளி வீட்டிலும் உலை வைக்காமல் போகவில்லை. 1906 தேர்தலில் 29 பேர் ஜெயித்தார்கள். கட்சி தொழிற்கட்சி என்று பெயர் பெற்றது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஹார்டி அதன் முதல் நாடாளுமன்றத் தலைவர் ஆனார். அதே ஆண்டு வந்த சட்டம் டாஃப் வேல் தீர்ப்பை ஒழித்தது. அந்த ஒரு பென்னி 23,000 பவுன் தீர்ப்பை அடித்துப்போட்டது என்றால் மிகையில்லை.

எனக்கு வேண்டாம் என்ற தொழிலாளி

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதச் சுகமாக இருக்கும். முடியவில்லை.

அதே ரயில்வே சங்கத்தில் வால்டர் ஆஸ்போர்ன் என்று ஒரு கிளைச் செயலாளர். அவர் லிபரல் கட்சி ஆதரவாளர். நம்பாத கட்சிக்கு நான் ஏன் கட்டாயமாகக் காசு கட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1909 டிசம்பரில் பிரபுக்கள் சபை, சங்கங்கள் அரசியலுக்குப் பணம் வசூலிப்பதே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. கட்சியின் அடுப்பில் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆயிற்று. 1910-இல் ரெண்டு பொதுத்தேர்தல்களையும் அந்தச் சங்கடத்தோடுதான் சந்தித்தார்கள்.

ஆஸ்போர்னைக் கைக்கூலி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சங்கக்காரர்களான நமக்குச் சுலபம். அவருக்குப் பின்னால் தொழிலாளர் கட்சியைப் பிடிக்காத பத்திரிகைகளும் பணமும் நின்றதும் உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மனம் இல்லாதவனிடம் பிடித்த பணம், முதலாளி பிடித்த அபராதத்துக்கு அண்ணன் தம்பிதான். பத்து வயதில் வாரக் கூலியை அபராதமாகப் பறிகொடுத்த ஹார்டியின் கட்சிக்கு அது அழகாகாது.

முடிவில் ரெண்டு சட்டங்கள் வந்தன. 1911-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அரசாங்கமே ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஏழையும் சபைக்குப் போக வழி பிறந்தது. 1913 சட்டம், சங்கம் அரசியலுக்குப் பணம் செலவழிக்கலாம் என்றது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதலில் உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அரசியல் நிதி தனிக் கணக்காக இருக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவரிடம் வசூலிக்கக் கூடாது. அதற்காக அவரைச் சங்கத்தில் ஒதுக்கவும் கூடாது. தொழிற்கட்சிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். இன்று நிதானமாகப் பார்த்தால், அந்த நிபந்தனைகள் கட்சியின் கையைக் கட்டியதைவிடப் பணத்துக்கு மரியாதை கொடுத்ததுதான் அதிகம் என்று நமக்குப் படுகிறது.

பிறகு 1926 பொது வேலைநிறுத்தம் தோற்றதும், மறு ஆண்டு கன்சர்வேடிவ் அரசாங்கம் அந்த முறையைத் தலைகீழாக்கியது. கொடுக்கச் சம்மதம் என்று எழுதித் தருபவரிடம் மட்டுமே வசூலிக்கலாம் என்றது. நிதி குறைந்தது. 1946-இல் தொழிற்கட்சி அரசாங்கம் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. யார் ஆட்சிக்கு வந்தாலும் முதலில் கை வைப்பது எதிரியின் பணப்பையில்தான் என்பதற்கு இது சாட்சி.

கடைசி நாட்கள்

ஹார்டி 1907-இல் இந்தியாவுக்கும் வந்தார். வங்காளத்தில் மக்கள் படும் பாட்டைப் பார்த்து ஆட்சியைக் கண்டித்துப் பேசினார். லண்டன் பத்திரிகைகள் அவரை வசைபாடின. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். 1914-இல் போர் மூண்டபோது அதை எதிர்த்தார். அப்போது அவரைக் கூச்சல் போட்டு இறக்கியவர்கள் முதலாளிகள் அல்லர். அவர் தொகுதியிலேயே இருந்த அபர்டேர் ஊர்த் தொழிலாளர்கள். காசு கொடுத்தவர்களே எதிர்த்தபோதும் அவர் பேச்சை மாற்றவில்லை. மனம் உடைந்து, உடல் தளர்ந்து, 1915 செப்டம்பர் 26-இல் கிளாஸ்கோவில் காலமானார். வயது 59.

அவர் கட்சி 1945-இல் அறுதிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. நம் மலாயாவுக்குத் தொழிற்சங்க ஆலோசகர்களை அனுப்பியதும் அந்த ஆட்சிதான். அதே ஆட்சியில்தான், 1949 மே 4-இல், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இதை மறைத்துவிட்டு ஹார்டியின் புகழ் பாட நமக்கு மனம் வரவில்லை. தொழிலாளியின் காசில் வளர்ந்த கட்சியும் கடல் கடந்த தொழிலாளியை மறக்கும். பணம் சுத்தமாக இருந்தால் மனமும் தானாகச் சுத்தமாகிவிடாது. ஆனால் பணம் அடுத்தவனுடையதாக இருந்தால், மறந்தாயே என்று கேட்கிற உரிமைகூட நமக்கு இல்லை. கொடுத்தவன்தான் கேட்க முடியும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை திடலில் பந்தல் போட்டால், போய்ப் பேச்சைக் கேளுங்கள். ஆனால் இலையில் உட்காரும் முன் இந்தச் சாப்பாடு யார் செலவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்காகப் பேசுவார் என்று நாம் நம்புகிற ஒருவர் தேர்தலில் நிற்கிறாரா? ஒரு வெள்ளியானாலும் நம் கையால் கொடுப்போம். மனம் இல்லாதவரை வற்புறுத்த வேண்டாம். கொடுத்ததற்கு ரசீது வாங்குவோம், தேர்தல் முடிந்ததும் கணக்குக் கேட்போம். அந்த ஒரு வெள்ளி அவருக்குப் பெரிசு இல்லை. நாளைக்கு அவர் வாசலில் போய் நின்று உரத்துக் கேட்க நமக்கு நா எழும், அதுதான் பெரிசு.